ஒற்றைக் காதில் பாட்டு

முதலில் அதற்குப் புதுப் பற்றரி ஒன்று போட்டுவிடுங்கள், ஐயா. குறை நினைக்க வேண்டாம். மேசையில் நீங்கள் வைத்திருக்கிற அந்தக் குரல் பதிகிற சாமான், விஜிதரனின் பாட்டுப் பெட்டிக்குக் கூடப்பிறந்தது மாதிரி இருக்கிறது. அதே பெருவிரல் அளவு, அதே சின்னக் கண்ணாடி. கண்ணாடியில் எழுத்து ஓடுகிறது என்பதற்காக உள்ளே வேலை நடக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். நல்ல இடம் வரும்போது படுத்துவிடும். பிறகு நான் இன்னொரு தடவை வவுனியாவுக்கு வரவேண்டும், நீங்கள் இன்னொரு தடவை கேட்கவேண்டும். ஒரு கதையை இரண்டாம் தரம் கேட்கிற பொறுமை இந்தக் காலத்தில் யாருக்கும் இல்லை.

நான் வந்தது அந்த அறிவித்தலைப் பற்றிக் கதைக்க. விஜிதரன் மிதிவெடியில் செத்த பிறகு உங்கள் அலுவலகம் மிதிவெடி எடுக்கிற எங்கள் முகாம் வாசலில் ஒரு கடதாசி ஒட்டியது. முகாமுக்குள் பாட்டுக் கேட்கிற கருவி எதுவும் வைத்திருக்கக்கூடாதாம். எதுவும் என்றால் எதுவும். அவனுடைய பெருவிரல் அளவுப் பெட்டியும் ஒன்று, என்னுடைய இரட்டை ஸ்பீக்கர் கசற் செற்றும் ஒன்று. எங்கள் மேற்பார்வையாளர் யோகநாதன் என் செற்றைத் தூக்கிக்கொண்டு போய்க் களஞ்சிய அறையில் பூட்டினார். ஒரு துணிகூடப் போட்டு மூடவில்லை. தூசி போனால் நாடா ஓடுகிற தலை பழுதாகும் என்று சொன்னேன், கேட்டால்தானே. இது நியாயமில்லை, ஐயா. என் செற் ஒரு மனிசரையும் கொல்லவில்லை. அதை உங்களுக்கு விளங்கப்படுத்துவதென்றால், அன்றைக்கு நடந்ததைப் பற்றி நான் முதல் விசாரணையில் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் செய்யவேண்டும். அதற்காகத்தான் கனகராயன்குளத்தில் காலை பஸ் பிடித்தேன்.

இந்த வீரபாகுவைப் பாட்டுப் பிடிக்காதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சண்டை நின்று பாதை திறந்த வருசமே அந்தச் செற்றை வாங்கியவன் நான். வேலை முடிந்து, குளித்து, தேத்தண்ணி குடித்த பிறகு, உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றிக் கொண்டுவந்து அதில் வயரைக் கொழுவுவேன். பாலை மரத்துக்குக் கீழே எல்லோரும் வட்டமாக வந்து இருப்பார்கள். எந்தக் கசற் முதலில், எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று நான் காலையிலேயே யோசித்து வைத்திருப்பேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் செற்றை நிற்பாட்டி இரண்டு வார்த்தை சொல்லுவேன். அதை நான் முதலில் எங்கே கேட்டேன், எந்தக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டு அடிவாங்கினான், அப்படி. அதுவும் சேர்ந்ததுதான் பாட்டுக் கேட்பது. யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆனால் மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்து தெரிவது வேறு, ஆகையால் சொல்கிறேன். மிதிவெடி எடுப்பதில் இரண்டு பேர் ஒரு சோடி. ஒருவன் தலைக்கவசம் போட்டுக்கொண்டு கருவியை மண்ணுக்கு மேலே ஆட்டி ஆட்டி முழங்காலில் முன்னேறுவான். மண்ணுக்குள் இரும்பு இருந்தால் கருவி கத்தும். மற்றவன் பின்னால் நிழலில் இருந்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பான். பார்த்து முடிந்த நிலத்தின் எல்லையில் சிவப்புப் பூசிய குறுக்குத்தடி ஒன்று கிடக்கும். தடிக்கு இந்தப் பக்கம் பயமில்லாமல் இருக்கலாம், படுக்கலாம். அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. முறை மாறும்போது உள்ளே போகிறவன் வெளியே வருகிறவனைப் பார்த்து, "சத்தம் கேட்டதோ?" என்று கேட்பான். வருகிறவன் கேட்டது, கேட்கவில்லை என்று சொல்லுவான். அதற்குப் பிறகுதான் மற்றவன் போய்த் தடியின் அருகில் முழங்கால் வைப்பான். உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இது இல்லை. எங்கள் சோடிகள் தாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். தடியைவிட அந்தச் சொல்லைத்தான் நாங்கள் நம்பினோம்.

விஜிதரன் என் சோடி. நல்ல பெடியன், வேலையில் நிதானமான ஆள். மனைவி கஜேந்தினியும் கைக்குழந்தையும் நெடுங்கேணியில். ஒருமுறை லீவில் போனவன், வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பைறூஸின் கடையில் அந்த எம்பித்திரிப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தான். வந்த கையோடு என் பக்கத்தில் குந்தினான்.

"அண்ணை, இந்தாங்கோ. ஒண்டை நீங்கள் வையுங்கோ, மற்றதை நான் வைக்கிறன்."

வைத்தேன். என் காதுக்கு வந்ததில் தபேலாவும், தூரத்தில் யாரோ தகரம் தட்டுகிற மாதிரி ஒன்றும்தான் கேட்டன. பாடுகிறவரின் குரலும் புல்லாங்குழலும் அவனுடைய காதுக்குப் போய்விட்டன. அவன் கண்ணை மூடித் தலையாட்டினான். நான் அரைவாசிப் பாட்டை வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்பிடி அண்ணை?"

"நல்லாயிருக்கு" என்றேன்.

மாற்றித் தா என்று கேட்டிருக்கலாம். கெஞ்சி வாங்க அது என்ன சங்கீதக் கச்சேரியா. ஆனால் தாளத்தை வைத்தே அது என்ன பாட்டு என்று கண்டுபிடித்துவிட்டேன். அதைப் பற்றி எனக்கு ஒரு கதை தெரியும். முள்ளிவாய்க்காலில் என் சித்தப்பாவின் வள்ளத்தில் முதல் முதலாக அதைக் கேட்ட கதை. சொல்லத் தொடங்கினேன். விஜிதரன் என் காதில் இருந்ததை மெதுவாக எடுத்துத் தன் மற்றக் காதில் வைத்துக்கொண்டான். கோபமாக இல்லை, சிரித்த முகத்தோடுதான்.

அதன் அருமை பெருமையைக் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள். முழுவதற்கும் ஒரு பொத்தான். அமத்தினால் பாடும். கொஞ்சம் கூட அமத்தினால் செத்துவிடும். இடப்பக்கம் தள்ளினால் முந்திய பாட்டு, வலப்பக்கம் தள்ளினால் பிந்திய பாட்டு, தள்ளிக்கொண்டே அமத்தினால் என்ன நடக்கும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். மண்வெட்டி பிடித்த விரல் அதில் எங்கே நிற்கும். பாட்டின் பெயர் தமிழில் வராது. கண்ணாடியில் வரிசையாகக் கேள்விக்குறிகள் ஓடும், ஏதோ எங்களிடம் விசாரணை நடத்துகிற மாதிரி. அடுத்து என்ன வரும் என்று பெட்டிக்கும் தெரியாது, வைத்திருக்கிறவனுக்கும் தெரியாது. பிள்ளையார் பாட்டு முடிந்த கையோடு ஒரு குத்துப்பாட்டு வரும். சில பாட்டுகளுக்குக் கடைசி வரியே கிடையாது. பாடிக்கொண்டிருக்கிறவரின் கழுத்தைப் பிடித்த மாதிரி அறுந்துபோகும்.

"அது பைறூஸ் நானா பாட்டை ஏத்தேக்கை கறண்ட் நிண்டுபோட்டுதாம் அண்ணை" என்று விஜிதரன் வக்காலத்து வாங்கினான்.

அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்கு ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, பை முழுவதையும் கொட்டிக் காட்டி, வவுனியாவுக்குப் போகவேண்டும். பைறூஸின் கம்பியூட்டரில் அவனுக்குப் பிடித்த பாட்டுகள்தான் இருக்கும். என் கசற்றில் நாடா சிக்கினால் ஒரு பேனையை விட்டுச் சுற்றுவேன், வேலை முடிந்தது. வயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காற்சட்டைப் பைக்குள் போட்டு எடுத்தால் சிலந்திக்கே விளங்காத சிக்கு. அதை எடுத்து முடிய ஓய்வு நேரமும் முடிந்துவிடும். வியர்வை பட்டுப் பட்டு வயரின் ஒரு காது செத்தது. அதற்குப் பிறகு விஜிதரன் ஒற்றைக் காதில் பாட்டுக் கேட்டான். எனக்கு அன்றைக்குக் கிடைத்த அதே தகரச் சத்தம்தான் இனி அவனுக்கும் என்று நினைத்தேன். செத்த காதையும் விடாமல் மற்றக் காதில் சொருகித்தான் வைத்திருந்தான்.

அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வாங்கினார்கள். பாலை மரத்துக்குக் கீழே வட்டமாக இருந்தவர்கள் கட்டில்களில் வரிசையாகப் படுக்கத் தொடங்கினார்கள், ஆளுக்கொரு வயரோடு. ஒருவன் சிரிப்பான், மற்றவனுக்கு ஏன் என்று தெரியாது. நான் செற்றைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் இருந்தேன். ஒருநாள் யோகநாதன் வந்து, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். மற்றவர்களுக்கு இடைஞ்சலாம்.

இதுவரைக்கும் ரசனை விஷயம். இனிப் பாதுகாப்பு விஷயம், அதை நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். நான் உள்ளே முழங்காலில் நிற்கும்போது என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவன் காதில் வயரோடு இருந்தான். ஒருநாள் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு நாள் தேவையில்லாமலே கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. யோகநாதனிடம் போய்ச் சொன்னேன்.

"அவன் உம்மைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறான்" என்றார்.

"நான் கத்தினால் கேளாது."

"நீர் ஒரு நாளைக்கு எத்தினை தரம் கத்துவீர் ஐசே. காலமை துவங்கினால் பொழுதுபட மட்டும் உம்மடை வாய் மூடாது. அவனும் என்ன செய்யிறது?"

நின்றவர்கள் சிரித்தார்கள். முறைப்பாட்டை முறைப்படி கொடுத்தேன், பதில் அதுதான். இதை நீங்கள் பதிந்துகொள்வது நல்லது.

அதற்கு அடுத்த கிழமை குசினிக்கு வெளியே தேத்தண்ணிக்கு நின்றேன். உள்ளே விஜிதரன் மற்றவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தான். "பாட்டுக் கேக்கவோ இதை வாங்கினது? வீரபாகு அண்ணையின்ரை கதை கேளாமல் இருக்கத்தானே" என்றான். பெரிய சிரிப்பு. பகிடிதான். பகிடியைப் பகிடியாக எடுக்கத் தெரிந்தவன் நான். தேத்தண்ணி வாங்காமல் வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பின்னேரம் அவன் கிணற்றடிக்குக் குளிக்கப் போனான். பெட்டி கட்டிலில் கிடந்தது. இந்தப் பகிடிக்குரிய சாமானைக் கையில் எடுத்துப் பார்ப்போம் என்று எடுத்தேன். எதிர்பார்த்ததைவிடப் பாரமில்லை. பின்மூடியைத் தள்ளித் திறந்தேன். உள்ளே பற்றரி இல்லை, ஐயா. பற்றரி முட்டுகிற சுருள்கம்பியில் துருப் பிடித்திருந்தது. துரு ஒரு நாளில் பிடிப்பதில்லை. பற்றரியை எடுத்து டோர்ச்சுக்குப் போட்டானோ, பிள்ளையின் விளையாட்டுச் சாமானுக்குப் போட்டானோ, தெரியாது. அன்று காலையும் ஓய்வு நேரத்தில் நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்து கதைத்தேன். இரண்டு வயரும் காதில் இருந்தன. விரலால் முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். இல்லாத பாட்டுக்குத் தாளம்.

பொத்தானை மன்னிக்கலாம், கேள்விக்குறிகளை மன்னிக்கலாம், பைறூஸையும் மன்னிக்கலாம். ஒரு மனிசன் பாட்டுக்காக என்னைக் கேட்காமல் விட்டால்கூட எனக்குக் கோபமில்லை. பாட்டு பெரிய விஷயம். ஆனால் இவன் ஒன்றுமே இல்லாததைக் காதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். அந்த ஒன்றுமில்லாதது அவனுக்கு என் கதையைவிட இதமாக இருந்திருக்கிறது. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. பெட்டியை என் பைக்குள் போட்டேன்.

குளித்துவிட்டு வந்து கட்டிலுக்குக் கீழேயும் தேடினான்.

"அண்ணை, என்ரை பெட்டியைக் கண்டனீங்களோ?"

"ஏன், பாட்டுக் கேக்கப் போறியோ?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "ஓம் அண்ணை" என்றான்.

"நான் காணேல்லை" என்றேன். அவன் ஒரு பொய் சொன்னான், நான் ஒரு பொய் சொன்னேன். கணக்கு அத்தோடு சரி என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு வந்த நாள்களில் அவனுடைய காது வெறுமையாக இருந்தது. நான் கதைத்தால், ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்பான். கண் வேறு எங்காவது நிற்கும். சம்பவம் நடந்த அன்று காலை வெடி எடுக்கிற வயலுக்கு நடந்து போகும்போது தானாகவே சொன்னான்.

"அண்ணை, பின்னேரம் உங்கடை செற்றைப் போடுங்கோவன். கேட்டுக் கனநாளாச்சு. அந்த வள்ளத்துக் கதையையும் நீங்கள் முழுக்கச் சொல்லேல்லை."

பெட்டி தொலைந்ததால் செற் ஞாபகம் வந்திருக்கிறது. மரியாதைக்குச் சொன்னது. எனக்கு அது விளங்காமல் இல்லை. "பாப்பம்" என்றேன்.

முதல் விசாரணையில் நான் சொன்னது உங்களிடம் இருக்கிறது. கருவி கத்தியது, முறை மாறும்போது அதை விஜிதரனிடம் சொன்னேன், அவன் தலைக்கவசத்துக்குள்ளே வயரைக் காதில் வைத்திருந்தான், நான் சொன்னது கேட்கவில்லை, தடியைத் தாண்டி முழங்கால் வைத்தான். எல்லோரும் நம்பினீர்கள். அவனுடைய காதில் வயரைக் கண்டு கண்டு எல்லோருக்கும் பழக்கம். வெடித்த இடத்தில் பெட்டியும் இல்லை வயரும் இல்லை என்று இரண்டாம் தரமும் ஆள் அனுப்பித் தேடினீர்கள். இந்தாருங்கள். துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்து பாருங்கள், துரு இன்னும் இருக்கிறது. வயரில் சிக்கு எடுத்துவிட்டேன்.

கஜேந்தினி முகாமுக்கு வந்தபோது பிள்ளை தோளில் நித்திரை. வேறு யாரிடமும் போகவில்லை, நேரே என்னிடம்தான் வந்தார்.

"நீங்கள்தானே அண்ணை பக்கத்திலை நிண்டனீங்கள். அவர் வேலையிலை கவனமான மனிசன். காதிலை போட்டுக்கொண்டு உள்ளுக்குப் போகமாட்டார். உண்மையைச் சொல்லுங்கோ, போட்டிருந்தவரோ?"

"போட்டிருந்தவன், தங்கச்சி."

"அப்ப தன்ரை பிழையாலைதான் செத்தவரோ?"

"ஓம்" என்றேன்.

அவர் அழவில்லை. பிள்ளையின் முதுகைத் தடவினார். "இவள் வளந்து கேட்டால், கொப்பர் பாட்டுக் கேட்டுச் செத்தவர் எண்டு நான் எப்பிடி அண்ணை சொல்லுறது" என்று கேட்டார். அவர் உங்கள் வாசலுக்கும் வந்து வந்து போகிறார் என்று அறிந்தேன். அவன் கவனமில்லாத ஆள் என்று நீங்கள் எழுதியதை அழிக்கவேண்டுமாம். அவர் கேட்பது நியாயம்தான். நான் கேட்பதும் அந்த நியாயம்தான். பாட்டின் மேல் பழி போடக்கூடாது.

ஆகவே திருத்தம் இதுதான். அன்றைக்கு நான் உள்ளே நின்றேன். கருவி கத்தியது. நல்ல தெளிவான சத்தம், நடுவில் அறுபடவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் அடையாளம் வைத்து, மண்ணை விலக்கிப் பார்க்கவேண்டும். நான் கருவியை நிற்பாட்டினேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். விஜிதரன் நிழலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கை காட்டினான். குறுக்குத்தடியைத் தூக்கி, கருவி கத்திய இடத்துக்கு அங்கால், முன்னுக்குத் தள்ளி வைத்தேன். தடி தன் வேலையில் பிழைவிடாத சாமான். பொத்தான் இல்லை, பற்றரி இல்லை. வைத்த இடத்தில் கிடக்கும். நிழலில் இருந்து பார்த்தால், நான் பார்த்து முடித்த நிலம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றுதான் தெரியும்.

எழும்பி வெளியே வந்தேன். அவன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே நின்றான். இரண்டு காதும் திறந்திருந்தன.

"சத்தம் கேட்டதோ, அண்ணை?"

"கேக்கேல்லை. நீ போ" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போய்த் தடியின் அருகில் முழங்கால் வைத்தான். நான் நிழலில் இருந்து, பார்க்கவேண்டிய முறைப்படி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகையால் யோகநாதனிடம் சொல்லி என் செற்றை வெளியே எடுப்பியுங்கள். தூசி அதற்குக் கூடாது. கஜேந்தினிக்கும் சொல்லிவிடுங்கள், அவர் நினைத்ததுதான் சரி, அவருடைய மனிசன் கவனமில்லாதவன் இல்லை. அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு சொல்லையும் அவன் கேளாமல் விடவில்லை.